ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ரத்தம்: சி.இ.ஏ. என்ற எண்ணின் கதை



போன வாரம் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் மாமனாருக்குப் பெருங்குடலில் கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. அடுத்த வாரம் ஆபரேஷன். "சார், ரத்தத்துல சி.இ.ஏ.ன்னு ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க. அதான் புற்றுநோய்னு தெரிஞ்சுபோச்சே, இனிமே இது எதுக்கு சார்? வீண் செலவுதானே?" என்று கேட்டாள்.

"வீண் செலவு இல்லம்மா, ஆபரேஷனுக்கு முன்னாடியே எடுத்துடு" என்றேன். அவள் சரி என்று வைத்துவிட்டாள். ஆனால் ஏன் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை, பள்ளியில் அறிவியல் நடத்தியவன். ஆனால் இந்த ஒரு எண்ணைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கதை 1960களில் கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரத்தில் தொடங்குகிறது. அங்கே மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஃபில் கோல்ட் என்ற இளம் டாக்டர் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வழிகாட்டி சாமுவேல் ஃப்ரீட்மேன். இருவரும் கேட்ட கேள்வி எளிமையானது. நல்ல திசுவில் இல்லாத ஏதாவது ஒரு பொருள் புற்றுநோய்க் கட்டியில் இருக்கிறதா?

கேள்வி பழையதுதான். பலர் தேடியிருந்தார்கள். ஆனால் ஒருவருடைய கட்டியை இன்னொருவருடைய நல்ல திசுவோடு ஒப்பிட்டால் குழப்பம் வரும். ஆளுக்கு ஆள் ரத்த வகை மாறுவதுபோலத் திசுவும் மாறும். தெரிகிற வித்தியாசம் நோயால் வந்ததா, ஆள் வேறு என்பதால் வந்ததா என்று சொல்ல முடியாது.

இங்கேதான் பெருங்குடல் கை கொடுத்தது. பெருங்குடலில் கட்டி இருந்தால் அறுவை மருத்துவர் கட்டியை மட்டும் எடுப்பதில்லை. இரண்டு பக்கமும் நல்ல குடலையும் சேர்த்து வெட்டி எடுப்பார். அதனால் ஒரே நோயாளியின் கட்டியும், அதே நோயாளியின் நல்ல குடலும் ஒரே தட்டில் கிடைத்தன. ஆள் ஒன்று, குடல் ஒன்று. வித்தியாசம் இருந்தால் அது நோயின் வித்தியாசம்தான்.

அடுத்து முயல்கள். கட்டியின் சாற்றை முயலுக்கு ஊசியாகப் போட்டால், முயலின் உடம்பு அதிலுள்ள எல்லாவற்றுக்கும் எதிராக ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருளை உண்டாக்கும். மனிதத் திசுவே முயலுக்கு அந்நியம் அல்லவா? அந்த முயலின் ரத்தநீரை எடுத்து நல்ல குடலின் சாற்றோடு கலந்தார்கள். நல்ல திசுவுக்கு எதிரான ஆன்டிபாடிகள் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வெளியேறிவிட்டன. சலித்த பிறகும் மிஞ்சி நின்றவை கட்டியில் மட்டும் உள்ள ஏதோ ஒன்றுக்கு எதிரானவை.

இன்னொரு வழியிலும் சரிபார்த்தார்கள். பிறந்த குட்டி முயலுக்கு நல்ல குடலின் சாற்றைச் செலுத்தினால், அது அதைத் தன் உடம்பாகவே ஏற்றுக்கொள்ளப் பழகிவிடும். அது வளர்ந்த பிறகு கட்டியின் சாற்றைச் செலுத்தினால் புதிதாக இருப்பதை மட்டுமே எதிர்க்கும். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தது. கணக்கைப் போட்டுவிட்டு, வேறு முறையில் திரும்பப் போட்டுச் சரிபார்க்கச் சொல்வோமே, அதுதான்.

1965ல் இதை இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டார்கள். இரண்டாவது கட்டுரையில் ஓர் ஆச்சரியம் இருந்தது. கட்டியில் கிடைத்த அந்தப் பொருள் இன்னோர் இடத்திலும் இருந்தது: தாய் வயிற்றில் இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரையுள்ள சிசுவின் குடல், கல்லீரல், கணையம் ஆகியவற்றில். அதாவது, உடம்பு உருவாகும்போது செய்து, பிறகு நிறுத்திவைத்த ஒன்றைப் புற்றுநோய்ச் செல் மறுபடியும் செய்யத் தொடங்கியிருக்கிறது என்று அவர்கள் எண்ணினார்கள். அதனால்தான் புற்றுநோயையும் கருவையும் சேர்த்து 'கார்சினோ எம்ப்ரியானிக் ஆன்டிஜென்' என்று பெயர். சுருக்கமாக சி.இ.ஏ.

அதே காலத்தில் சோவியத் நாட்டில் அபெலெவ் என்ற விஞ்ஞானி, கல்லீரல் கட்டி வந்த எலிகளில் கருவுக்குரிய இன்னொரு புரதத்தை 1963ல் கண்டார். அடுத்த ஆண்டே டாட்டாரினோவ் அதை மனிதரில் கண்டார். இன்று ரிப்போர்ட்டில் ஏ.எஃப்.பி. என்று போடுகிறார்களே, அது.

சரி, கட்டியில் இருக்கிறது. ரத்தத்தில் இருக்கிறதா? இருந்தாலும் எவ்வளவு? மிக மிகக் கொஞ்சம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம். ஒரு மில்லி ரத்தநீரில் சில நானோகிராம்களை எண்ண வேண்டும். அதற்கான கருவி ஏற்கெனவே நியூயார்க்கில் பிறந்திருந்தது. ராசலின் யாலோ, சாலமன் பெர்சன் என்ற இருவர் 1950களின் கடைசியில் இன்சுலினை அளக்கக் கதிரியக்க முறை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன். ஒரு பஸ்ஸில் 40 சீட். சிவப்புத் துண்டு போட்ட 40 பேரை நாமே அனுப்புகிறோம். ஊர்க்காரர்கள் எத்தனை பேர் ஏறினார்கள் என்று தெரியாது. ஆனால் பஸ் கிளம்பிய பிறகு சீட்டில் உட்கார்ந்திருக்கும் சிவப்புத் துண்டுகளை எண்ணினால் போதும். 30 இருந்தால் கூட்டம் குறைவு. 10 இருந்தால் ஊர்க்காரர்கள் நிறைய ஏறிவிட்டார்கள். சீட்தான் ஆன்டிபாடி. சிவப்புத் துண்டுதான் கதிரியக்க அயோடின். ஊர்க்காரர்கள்தான் ரத்தத்தில் உள்ள பொருள். இந்த முறைக்காக யாலோவுக்கு 1977ல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972லேயே இறந்துவிட்டதால் அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்த முறையை வைத்து 1969ல் மாண்ட்ரியல் குழு ரத்தத்தில் சி.இ.ஏ.வை அளந்தது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகள் 36 பேரில் 35 பேருக்கு இருந்தது. நினைத்துப் பாருங்கள், 36க்கு 35! ஒரு ஊசி குத்தி ரத்தம் எடுத்தால் குடலுக்குள் ஒளிந்திருக்கும் புற்றுநோய் தெரிந்துவிடும் என்று மருத்துவ உலகமே நம்பத் தொடங்கியது.

அந்த நம்பிக்கை சில ஆண்டுகளில் உடைந்தது. வேறு ஊர்களில் வேறு நோயாளிகளிடம் அளந்தபோது ஆரம்ப நிலைக் கட்டி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எண் சாதாரணமாகவே இருந்தது. மறுபக்கம், புற்றுநோயே இல்லாதவர்களுக்கும் எண் கூடியது. பீடி சிகரெட் குடிப்பவர்கள், கல்லீரல் சுருங்கியவர்கள், மஞ்சள் காமாலைக்காரர்கள், கணைய அழற்சி, குடல் அழற்சி உள்ளவர்கள் என்று பட்டியல் நீண்டது.

இதில் உள்ள கணக்கைப் பாருங்கள். இவை புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள். 10,000 பேருக்குச் சோதனை செய்கிறோம். அவர்களில் 20 பேருக்கு உண்மையில் கட்டி இருக்கிறது. சோதனை அதில் பாதியை, 10 பேரைப் பிடிக்கிறது. மீதி 9,980 பேரில் நூற்றுக்கு 5 பேருக்குக் காரணமில்லாமல் எண் கூடிக் காட்டுகிறது என்றால் 499 பேர். மொத்தம் 509 பேர் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். அவர்களில் உண்மையான நோயாளி 10 பேர். இன்னொரு 10 நோயாளிகளோ 'எனக்கு நார்மல்' என்று நிம்மதியாகத் தூங்குவார்கள். எது பெரிய கேடு என்று நீங்களே சொல்லுங்கள்.

1980ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி இதை விவாதித்தது. நோய் அறிகுறி இல்லாதவர்களிடம் புற்றுநோயைத் தேட சி.இ.ஏ. பயன்படாது என்பது முடிவு. 'ஃபுல் பாடி செக்கப்' பேக்கேஜில் இதைச் சேர்த்து விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 1980ஆம் ஆண்டு ஞாபகம் வரும்.

அப்படியானால் சி.இ.ஏ. தோற்றுப்போன மாணவனா? இல்லை. தவறான பாடத்தில் பரீட்சை வைத்தால் யாரும் தோற்பார்கள்.

அதற்குச் சரியான பாடம் எது என்பது 1978லேயே தெரியத் தொடங்கியிருந்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையின் வானெபோவும் அவருடைய குழுவினரும் அந்த ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏற்கெனவே புற்றுநோய் என்று தெரிந்து ஆபரேஷனுக்குப் போகிறவர்களின், ஆபரேஷனுக்கு முந்தைய சி.இ.ஏ.வைப் பார்த்தார்கள். முன்பே எண் கூடியிருந்தவர்களுக்கு நோய் திரும்பி வருவது அதிகமாக இருந்தது. நோய் இருக்கிறதா என்ற கேள்விக்குத் தடுமாறிய எண், இருக்கிற நோய் எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்விக்கு ஓரளவு பதில் சொன்னது. 2000ல் வெளியான அமெரிக்க நிபுணர் குழுவின் அறிக்கை ஒன்று, நோயின் நிலையைக் குறிக்கும்போது இந்த எண்ணையும் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது.

இதற்கிடையில் இன்னொரு அவசரமும் நடந்தது. ஆபரேஷன் முடிந்தவருக்குச் சி.இ.ஏ. ஏறினால், வேறு எதற்கும் காத்திராமல் மறுபடி வயிற்றைத் திறந்து பார்ப்பது என்ற யோசனை. இது பலன் தருமா என்று இங்கிலாந்தில் 1982 முதல் 1993 வரை சோதித்தார்கள். எண் ஏறிய 216 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் 108 பேருக்கு உடனே மறு ஆபரேஷன் வழி. மறுபக்கம் 108 பேருக்கு வழக்கமான கவனிப்பு. முதல் பக்கத்தில் 91 பேரும் இரண்டாம் பக்கத்தில் 88 பேரும் இறந்திருந்தார்கள். எண்ணை மட்டும் நம்பிக் கத்தியை எடுத்ததில் உயிர் மிஞ்சவில்லை. இதில் வருத்தம் என்னவென்றால், 1993ல் நிறுத்தப்பட்ட இந்த ஆய்வின் முடிவு பத்திரிகையில் வெளிவந்தது 2014ல்தான். இருபது ஆண்டுகள் அது அலமாரியில் கிடந்திருக்கிறது.

அதே 2014ல் இங்கிலாந்திலிருந்து வேறொரு ஆய்வும் வந்தது. ஆபரேஷன் முடிந்த 1,202 பேர். அறிகுறி வந்தால் பார்ப்போம் என்று விட்டவர்களில் 2.3 சதவீதம் பேருக்குத்தான் திரும்பி வந்த நோயைக் குணமாக்கும் நோக்கத்தில் ஆபரேஷன் செய்ய முடிந்தது. முறையாக சி.இ.ஏ. பார்த்து வந்தவர்களில் அது 6.7 சதவீதம். ஸ்கேன் பார்த்து வந்தவர்களில் 8 சதவீதம். ஆயுள் கூடியது என்று அந்த ஆய்வால் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் நோயை நேரத்தோடு பிடிக்க இரண்டும் உதவின.

இனி என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முன் எதற்கு?

2018ல் அதே ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையிலிருந்து பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட 1,027 பேரின் கணக்கு வெளிவந்தது. ஆபரேஷனுக்கு முன் எண் சாதாரணமாக இருந்தவர்களில் 89.7 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தார்கள். முன் கூடியிருந்து, ஆபரேஷனுக்குப் பின் சாதாரண அளவுக்கு இறங்கியவர்களில் 87.9 சதவீதம். ஏறக்குறைய சமம். ஆபரேஷனுக்குப் பின்னும் எண் கூடியே இருந்தவர்களிடம் அது 74.5 சதவீதமாகக் குறைந்தது.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். காலாண்டுத் தேர்வின் மார்க் தெரியாமல் அரையாண்டு மார்க்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 'பையன் தேறுகிறானா?' என்று கேட்டால் எந்த ஆசிரியரும் பதில் சொல்ல முடியாது. 50 மார்க் என்பது 80லிருந்து இறங்கியதா, 20லிருந்து ஏறியதா? ஆபரேஷனுக்கு முந்தைய எண்தான் காலாண்டு மார்க். அதை எடுக்காமல் விட்டால் மறுபடி எடுக்க முடியாது. கட்டியை எடுத்த பிறகு அந்த நாள் திரும்பி வராது.

உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல குடலின் செல்களும் கொஞ்சம் சி.இ.ஏ. செய்கின்றன என்று பின்னாளில் தெரிந்தது. ஆனால் அவை குடலின் உள்பக்கம் பார்த்தபடி அதை வைத்திருக்கின்றன. அது மலத்தோடு போய்விடும். புற்றுநோய்ச் செல்லுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற ஒழுங்கு கெட்டுவிடுகிறது. அதனால் அந்தப் பொருள் ரத்தத்திலும் கலக்கிறது. ரத்தத்திலிருந்து அதை அகற்றுவது கல்லீரல். அதனால்தான் கல்லீரல் கெட்டவர்களுக்கும் எண் ஏறுகிறது. கட்டியை முழுதாக எடுத்துவிட்டால் நான்கு முதல் ஆறு வாரங்களில் எண் சாதாரண அளவுக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ மிச்சம் இருக்கிறதா என்று டாக்டர்கள் தேடுவார்கள்.

எல்லாக் கட்டிகளும் இதை ரத்தத்தில் விடுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. விடாத கட்டிக்கு இந்த எண் காவல்காரன் ஆக முடியாது. அல்லது மிகவும் தூங்குமூஞ்சிக் காவல்காரன்.

என் சொந்தக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

என் அண்ணனுக்கு ஒரு நாள் இரவு வயிறு உப்பி, வாந்தி. குடல் அடைத்துவிட்டது. விடிவதற்குள் ஆபரேஷன். கட்டியை எடுத்தார்கள், புற்றுநோய் என்று பிறகுதான் தெரிந்தது. உயிர் போகும் அவசரத்தில் யாரும் சி.இ.ஏ. எடுக்கவில்லை. அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆறு வாரம் கழித்து எடுத்தார்கள்: 3.1. அந்த லேபில் 5க்குக் கீழே நார்மல்.

டாக்டர் அன்றே ஒன்று சொன்னார். "முன்னாடி எவ்வளவு இருந்ததுன்னு நமக்குத் தெரியாது. அதனால இந்த நம்பரை மட்டும் நம்பாதீங்க. ஸ்கேனையும் தவறாம எடுங்க." எங்கள் காதில் 'நார்மல்' என்ற வார்த்தைதான் விழுந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்தோம். 2.8, 3.0, 2.9. ஒவ்வொரு முறையும் மதினி ரிப்போர்ட்டை சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுப்பார். ஒரு வருடம் முடிந்து ஸ்கேன் எடுக்க வேண்டிய நேரம் வந்தது. அண்ணன், "ரத்தம் நல்லா இருக்குதுல்ல தம்பி, பேத்தி கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நானும் தலையாட்டினேன். அறிவியல் ஆசிரியன், தலையாட்டினேன்.

எட்டு மாதம் கழித்து வலது விலாவுக்குக் கீழே வலி என்றார். ஸ்கேனில் கல்லீரல் முழுக்கப் புள்ளிகள். அன்றைய சி.இ.ஏ. 3.2. அவர் உடம்பில் இருந்தது இந்தப் பொருளை ரத்தத்தில் விடாத கட்டி. எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தம். அப்போது கட்டி இருந்தும் எண் 3 என்று வந்திருந்தால், இந்தக் காவல்காரனை நம்பக் கூடாது என்று அன்றே தெரிந்திருக்கும். முன்பே ஸ்கேன் எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டாரே தவிர, பதில் சொல்லவில்லை. அண்ணன் போய் வருகிற மார்கழியோடு மூன்று வருடம்.

அதனால்தான் அந்தப் பெண்ணிடம் எடுத்துவிடு என்றேன். எண் கூடியிருந்தால் பிறகு அது இறங்குகிறதா என்று பார்க்கலாம். சாதாரணமாக இருந்தால் அதுவும் ஒரு செய்தி: இவருக்கு இந்த எண்ணை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால் சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

முந்தைய சி.இ.ஏ. எடுத்தாயிற்றா என்று டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். தேதியோடு அந்தக் காகிதத்தை ஃபைலில் முதல் பக்கமாக வையுங்கள். பின்னால் எடுக்கும்போதும் முடிந்தவரை அதே லேபில் எடுங்கள், லேபுக்கு லேப் முறை மாறினால் எண்ணும் மாறும். புகைப் பழக்கம், காமாலை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதே நாளில் எடுக்கும் ஹீமோகுளோபின், அல்புமின் முடிவுகளையும் அலட்சியம் செய்யாதீர்கள். கட்டியிலிருந்து மெதுவாக ரத்தம் கசிந்திருந்தால் ஹீமோகுளோபின் சொல்லும். உடம்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது, ஆபரேஷனைத் தாங்குமா என்பதற்கு அல்புமின் ஓர் அடையாளம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்கேன், கொலனோஸ்கோபி தேதிகளைக் கல்யாணம் காட்சிக்காகத் தள்ளிப் போடாதீர்கள்.

மாண்ட்ரியலில் அந்த இருவரும் ஒரே ஆளின் கட்டியையும் நல்ல குடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதால்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். அறுபது ஆண்டுகள் கழித்தும் இந்த எண்ணின் பயன் அந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. அதே ஆள், முன்பும் பின்பும்.

நேற்று அந்த மாணவி வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். எண் 14.6. "சார், அதிகமா இருக்கே, பயமா இருக்கு" என்று எழுதியிருந்தாள். "பயப்படாதேம்மா. பத்திரமா வை. ஆறு வாரம் கழிச்சு இது இறங்குறதை நாம சேர்ந்து பார்ப்போம்" என்று பதில் போட்டேன்.

தெரிந்தவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றினால் பகிருங்கள். உங்கள் வீட்டு அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். ஆனால் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பி அர்த்தம் கேட்காதீர்கள். அதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், அவர் சொல்வதை முழுதாகக் காதில் வாங்குங்கள். நாங்கள் பாதியைத்தான் வாங்கினோம்.